போட்டியாளர் எதிர்க்கடையில் மட்டும் இல்லை



மொத்த வியாபாரிகள் நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. "எதிர்க்கடைக்காரர் அடக்க விலைக்கே சரக்கைத் தள்ளி மார்க்கெட்டைக் கெடுக்கிறார்" என்பதுதான் அது. எதிர்க்கடைக்காரரைக் கேட்டால் அவர் இதே குறையை நம் மேல் சொல்கிறார். ஆண்டு முடிவில் கணக்கை முடித்துப் பார்த்தால் இருவரிடமும் லாபம் இல்லை. அப்படியானால் அது எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை தேடாமல் இன்னும் பத்து ஆண்டு இப்படியே கடையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால், நம் பிள்ளைகள் கல்லாவில் உட்கார வரமாட்டார்கள். இப்போதே பல கடைகளில் அப்பாவுக்குப் பிறகு ஆள் இல்லை. படித்த பிள்ளை, கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு முதலையும் இவ்வளவு உழைப்பையும் போட்டு இதுதானா வருகிறது?" என்று கேட்கிறான். அவன் கேட்பதில் தவறில்லை. அவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது.

விலைக் குறைப்பின் கணக்கு

முதலில் விலைக் குறைப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கணக்குக்காக, கூலி, வாடகை எல்லாம் சேர்த்து ஒரு சரக்கின் அடக்கம் 98 ரூபாய், விற்பனை 100 ரூபாய், நிற்பது 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சில்லறைக் கடைக்காரர் வந்து, "அண்ணாச்சி, எதிர்க்கடையில் 99க்குத் தருகிறார்களே" என்கிறார். நாமும் 99க்கு இறங்குகிறோம். விலையில் குறைந்தது நூற்றுக்கு ஒன்று. லாபத்தில் குறைந்தது சரி பாதி. பழைய லாபத்தை எடுக்க வேண்டுமானால் 100 மூட்டை விற்ற இடத்தில் 200 மூட்டை விற்க வேண்டும். அதற்கு இரட்டிப்பு முதல் வேண்டும், குடோன் வேண்டும், ஏற்றி இறக்க ஆள் வேண்டும். எதிர்க்கடைக்காரரும் சும்மா இருக்கமாட்டார், 98.50க்கு இறங்குவார். இதனால் ஊரில் சாம்பார் வைக்கும் வீடுகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடப்போவதில்லை. இருவருமாகச் சேர்ந்து நம் லாபத்தைத் தூக்கி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருக்கிறோம்.

இதைவிடப் பெரிய விலைக் குறைப்பு ஒன்று உண்டு. அதைப் பலரும் விலைக் குறைப்பு என்றே நினைப்பதில்லை. அதுதான் தவணை. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம் என்றால் மாதத்துக்கு 1.50. இரண்டு ரூபாய் லாபத்தில் கூடுதலாக ஒரு மாதத் தவணை கொடுத்தால் ஒன்றரை ரூபாய் வட்டிக்குப் போயிற்று. மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர், ஒரு மாதத் தவணையை "சரி, பார்த்துக் கொடுங்கள்" என்ற ஒரே வார்த்தையில் கொடுத்துவிடுகிறார்.

முதல் சுழலும் வேகத்தையும் பார்க்க வேண்டும். 10 லட்சம் ரூபாய் முதல் 15 நாளுக்கு ஒருமுறை திரும்பி வந்தால் ஆண்டுக்கு 24 சுற்று. சுற்றுக்கு 2 சதவீதம் என்றால் 4,80,000 ரூபாய். அதே பணம் 45 நாளுக்கு ஒருமுறை வந்தால் ஆண்டுக்கு 8 சுற்றுதான். வருவது 1,60,000 ரூபாய். வாடகையும் சம்பளமும் எந்தச் சுற்றுக்கும் காத்திராமல் 365 நாளும் ஓடுவதால் உண்மை நிலைமை இன்னும் மோசம். ஒரே முதல், ஒரே சரக்கு, ஒரே விலை. ஆனால் ஒரு கடை பிழைக்கிறது, இன்னொரு கடை மூழ்குகிறது.

இதில் சட்டமும் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறது. 2023-24 நிதியாண்டு முதல், பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு நாம் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தராவிட்டால், அந்தத் தொகையைக் கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பதிவு பெற்ற சிறு பருப்பு மில்லும் எண்ணெய்ச் செக்கும் இதில் அடங்கும். ஆனால் நமக்கு வர வேண்டிய பாக்கிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வியாபாரிகளுக்கு 2021 ஜூலையில் கொடுக்கப்பட்ட சிறு தொழில் பதிவு, வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான். கொடுக்க வேண்டியது குறித்த நாளில். வாங்க வேண்டியது அவர் கொடுக்கும் நாளில். நடுவில் நிற்பவர் நாம்.

ஐந்து பக்கத்து நெருக்குதல்

அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979ல் ஒரு கட்டுரையும், அடுத்த ஆண்டு போட்டித் தந்திரம் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். உலகம் முழுவதும் வணிகக் கல்லூரிகளில் இன்றும் அது பாடம். "பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்த நமக்கு அது எதற்கு?" என்று ஒதுக்க வேண்டியதில்லை. அவர் சொன்னது எந்தக் கடைக்காரருக்கும் புரியக்கூடிய விஷயம்தான். ஒரு தொழிலில் எவ்வளவு லாபம் நிற்கும் என்பதை அதில் இருப்பவர்களின் சாமர்த்தியம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஐந்து பக்கத்திலிருந்து வரும் நெருக்குதல் தீர்மானிக்கிறது என்றார் அவர். ஒரே தொழிலில் இருப்பவர்கள், நமக்குச் சரக்குக் கொடுப்பவர்கள், நம்மிடம் வாங்குபவர்கள், புதிதாக உள்ளே வருபவர்கள், நம் சரக்குக்கு மாற்றாக வரும் சரக்கு ஆகியவையே அந்த ஐந்து. நாம் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். மற்ற நான்கு பக்கமும் கதவு திறந்து கிடக்கிறது.

முதல் பக்கம், நம்மவர்களே. கடைகள் அதிகமாகவும், ஏறக்குறைய ஒரே அளவாகவும், சரக்கு ஒன்றுபோலவும் இருக்கும் தொழிலில்தான் விலைச் சண்டை கடுமையாக இருக்கும். நம் பருப்பு மண்டிகள் அப்படித்தான் இருக்கின்றன. லாத்தூரிலும் அகோலாவிலும் கலபுர்கியிலும் உடைத்து வந்த துவரம் பருப்பு நான்கு கடையிலும் அதே மூட்டைதான். நாள்பட வைத்தால் வண்டு விழும். அதனால் தேங்கிய சரக்கை யாராவது ஒருவர் தள்ளித்தான் தீருவார். வாங்கி வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் வியாபாரத்துக்கும் வழி அடைபட்டு வருகிறது. 2023 ஜூன் மாதம் மத்திய அரசு துவரை, உளுந்து இரண்டுக்கும் இருப்புக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது மொத்த வியாபாரிக்கு 200 டன் என்று வைத்தது. செப்டம்பரில் அதை 50 டன்னாகக் குறைத்தது. அரசாங்கம் ஐந்து பக்கத்தில் ஒன்று இல்லைதான். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் பளுவையும் ஒரே உத்தரவில் மாற்றக்கூடியது அது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புப் பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் சந்தையில் 26 கிலோ அரிசி மூட்டை முளைத்ததை எல்லோரும் பார்த்தோம்.

இரண்டாம் பக்கம், சரக்குக் கொடுப்பவர்கள். இதில் இரண்டு வகை உண்டு. பருப்பு மில்கள் பல இருக்கின்றன. ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர். அங்கே நம் பேச்சு எடுபடும். ஆனால் சோப்பு, பற்பசை, பிஸ்கட் கம்பெனிகளிடம் அப்படிப் பேச முடியாது. வாடிக்கையாளர் கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்கிறார். அந்தப் பெயருக்கு ஒரே முதலாளிதான். ஆகவே விநியோகஸ்தருக்கு எவ்வளவு கமிஷன், எவ்வளவு சரக்கு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே முடிவாகி வருகிறது. 2021 டிசம்பரில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு, பெரிய இணையவழி மொத்த நிறுவனங்களுக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலையா என்று கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டது. 2022 ஜனவரி முதல் தேதி மகாராஷ்டிரத்தில் ஒரு பற்பசைக் கம்பெனியின் சரக்கை நிறுத்தி வைக்கும் அளவுக்கு அது போயிற்று. இந்துஸ்தான் யூனிலீவர் போன்ற கம்பெனி தன் செல்போன் செயலி மூலம் சில்லறைக் கடையிலிருந்தே ஆர்டர் எடுக்கிறது. கடைக்காரர் என்ன வாங்குகிறார், எப்போது வாங்குகிறார் என்ற தகவல் முன்பு நம் சேல்ஸ்மேனின் நோட்டில் இருந்தது. இன்று அது கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எத்தனை லாரிச் சரக்கையும்விட அந்தத் தகவல் மதிப்புள்ளது.

மூன்றாம் பக்கம், வாங்குபவர்கள். சில்லறைக் கடைக்காரர் நம் நண்பர்தான். ஆனால் சரக்கு எல்லாக் கடையிலும் ஒன்றுதான் என்றால், மூட்டைக்குப் பத்து ரூபாய்க்கு அவர் இடம் மாறுவார். மாறத்தான் வேண்டும், அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. பெரிய வாடிக்கையாளரிடம் இன்னொரு ஆபத்து உண்டு. நம் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கை ஒருவரே எடுக்கிறார் என்றால் வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் விலையைச் சொல்வதும் தவணையைச் சொல்வதும் அவராகவே இருப்பார்.

நான்காம் பக்கம், புதிதாக வருபவர்கள். ஒரு காலத்தில் இந்தத் தொழிலுக்குள் நுழைவது சுலபமாக இல்லை. இந்தூரிலும் விருதுநகரிலும் இன்று காலை என்ன விலை என்பது தந்தியும் டிரங்க் காலும் வைத்திருந்தவருக்கு மட்டும் தெரியும். நம் லாபத்தில் ஒரு பகுதி அந்தத் தகவலுக்கான கூலியாகவே இருந்தது. இன்று அதே விலை அதே நிமிடத்தில் சில்லறைக் கடைக்காரரின் செல்போனிலும் வந்து விழுகிறது. தகவலால் வந்த லாபம் போய்விட்டது, அது திரும்பாது. சுவர் இடிந்த இடத்தில் பெரிய முதலாளிகள் உள்ளே வந்தார்கள். ஜெர்மனியின் மெட்ரோ நிறுவனம் 2003ல் பெங்களூரில் வியாபாரிகளுக்கு மட்டும் ரொக்கத்துக்கு விற்கும் கிடங்கைத் திறந்தது. 2023ல் அதன் இந்திய வியாபாரத்தை 2,850 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸ் வாங்கிக்கொண்டது. இப்போது நகரங்களில் சில நிமிடங்களில் வீட்டுக்கே சரக்கு கொண்டுவரும் கம்பெனிகள் வந்துவிட்டன. அவை அடக்கத்துக்கும் கீழே விற்கின்றன என்று விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு 2024ல் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு எழுதியது.

ஐந்தாம் பக்கம், மாற்றுச் சரக்கு. இதைத்தான் நாம் மிகக் குறைவாகக் கவனிக்கிறோம். மிளகாய் வத்தலும் மல்லியும் மஞ்சளும் வீட்டுக்கு வீடு கிலோக்கணக்கில் வாங்கி, காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்த காலம் இருந்தது. ஈரோட்டில் 1975ல் தொடங்கிய சக்தி மசாலாவும், 1995ல் வந்த ஆச்சி மசாலாவும் அந்த வேலையைப் பாக்கெட்டில் அடைத்துக் கொடுத்தன. சக்தியைத் தொடங்கியவர் மஞ்சள் வியாபாரம் செய்தவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மற்றவர்கள் மூட்டை விலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் அடுப்படியைப் பார்த்தார். மிளகாய் தின்பதை ஊர் நிறுத்தவில்லை. மிளகாய் அடுப்படிக்குப் போகும் வழிதான் மாறிவிட்டது.

இட்லி மாவும் அப்படியே. உளுந்தும் இட்லி அரிசியும் வாங்கி ஊறவைத்து ஆட்டும் வீடுகள் குறைந்து வருகின்றன. அதனால் மளிகைக் கடையில் உளுந்து விற்பனை குறைந்தால் "காலம் கெட்டுவிட்டது" என்கிறோம். ஆனால் தெருவுக்கு ஒருவர் மாவு ஆட்டி விற்கிறாரே, அவர் எந்த உளுந்தில் ஆட்டுகிறார்? நூறு வீடுகள் தனித்தனியே வாங்கியதை அவர் ஒருவரே மூட்டையாக வாங்குகிறார். அவருக்கு மாவு நன்றாக உபரி காணும் உளுந்து வேண்டும், எல்லா மூட்டையும் ஒரே தரத்தில் வேண்டும், குறித்த நாளில் வேண்டும். விலையை அதற்குப் பிறகுதான் கேட்பார். நம் ஊரில் அப்படிப்பட்டவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்த மொத்த வியாபாரிகள் எத்தனை பேர்?

மூன்று வழிகள்

ஐந்து பக்கமும் நெருக்கும்போது ஒரு நிறுவனம் நிற்பதற்கு மூன்று வழிகள்தான் உண்டு என்று அதே பேராசிரியர் எழுதினார். எல்லோரையும்விடக் குறைந்த செலவில் வியாபாரம் நடத்துவது ஒன்று. மற்றவர் தராத எதையாவது தருவது இரண்டாவது. எல்லோருக்கும் விற்காமல் ஒரு குறிப்பிட்ட பகுதியினருக்கு மட்டும் நன்றாக விற்பது மூன்றாவது. மூன்றிலும் கால் வைத்து ஒன்றிலும் ஊன்றாமல் நிற்பவர் நடுவில் மாட்டிக்கொள்வார் என்றும் சொன்னார். மன்னிக்க வேண்டும், நம்மில் பெரும்பாலோர் நிற்பது அந்த நடுவில்தான்.

குறைந்த செலவு என்ற வழியை நம் நாட்டிலேயே இரண்டு கடைகளை வைத்துப் புரிந்துகொள்ளலாம். 1997ல் சென்னையில் சுபிக்‌ஷா தொடங்கியது. குளிர்சாதனம் இல்லாத சிறிய கடை, ஆடம்பரம் கிடையாது, விலை குறைவு. யோசனையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கடன் வாங்கி மிக வேகமாக நாடு முழுவதும் 1,600க்கு மேற்பட்ட கடைகளைத் திறந்தது. கையில் ரொக்கம் வற்றியது, சரக்கு வருவது நின்றது, 2009 தொடக்கத்தில் கடைகள் மூடிவிட்டன. 2002ல் மும்பை பவாயில் முதல் கடை திறந்த டிமார்ட்டும் குறைந்த விலை என்றுதான் சொன்னது. அவர்கள் பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்தார்கள்; அதனால் வாடகை ஏறவில்லை. சரக்குக் கொடுத்தவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் பணம் கொடுத்தார்கள். அதனால் கொள்முதல் விலை குறைந்தது. நிதானமாக வளர்ந்தார்கள். இருவரும் கடை வாசலில் எழுதியது ஒன்றுதான். வித்தியாசம் முழுவதும் கடைக்குப் பின்னால் இருந்தது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. விலையைக் குறைப்பது வேறு. செலவைக் குறைப்பது வேறு. செலவைக் குறைக்காமல் விலையைக் குறைப்பவர் தன் முதலை விற்றுக்கொண்டிருக்கிறார். மில்லுக்கு ரொக்கம் கொடுத்து வாங்கும் வியாபாரிக்குக் கிடைக்கும் கழிவு, தவணையில் வாங்குபவருக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது.

பணபலம் மட்டும் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்பதும் இல்லை. பிரான்சின் கார்ஃபூர், உலகின் மிகப் பெரிய சில்லறை நிறுவனங்களில் ஒன்று. 2010ல் டெல்லியில் மொத்த விற்பனைக் கடை திறந்து, ஐந்து கடையோடு 2014ல் இந்தியாவை விட்டே போய்விட்டது. ஆகவே பெரியவர்களைக் கண்டு மலைக்க வேண்டாம். அவர்கள் விட்டுவைக்கும் இடம் எது என்று பார்க்க வேண்டும்.

விட்டுவைத்த இடத்தைப் பிடிப்பதற்குக் கடலூரைவிட நல்ல உதாரணம் இல்லை. ஷாம்பு என்றால் பாட்டில், அது வசதியானவர்களுக்கு என்று பெரிய கம்பெனிகள் நினைத்திருந்த காலத்தில், சின்னி கிருஷ்ணன் அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாய் முதலோடு தனியே வந்து சிக் ஷாம்பு தொடங்கினார். கிராமத்துக்குப் போய்ச் சிறுவர்களுக்குத் தலை கழுவிக் காட்டினார்கள். காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்றார்கள். கம்பெனிகள் கவனிக்காத வாடிக்கையாளர், அவர் கையில் இருக்கும் சில்லறைக்கு ஏற்ற அளவு, அந்தச் சரக்கைக் கொண்டுபோய் வைக்கப் பெட்டிக்கடை. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தின. பின்னால் பெரிய கம்பெனிகளும் சின்னப் பாக்கெட்டுக்கு இறங்கி வர வேண்டியதாயிற்று.

எதை விடப் போகிறோம்?

1996ல் எழுதிய இன்னொரு கட்டுரையில் போர்ட்டர், எதைச் செய்வது என்று முடிவு செய்வதைப் போலவே எதைச் செய்யாமல் விடுவது என்று முடிவு செய்வதும் தந்திரம்தான் என்றார். நமக்கு இதுதான் கஷ்டம். வந்த வாடிக்கையாளரை விடக்கூடாது, கேட்ட சரக்கை இல்லை என்று சொல்லக்கூடாது என்றே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தால்தான் குடோனில் எண்பது சரக்கும் தெருவில் எண்பது பேரிடம் பாக்கியும் சேர்ந்திருக்கின்றன.

பருப்பில் மட்டும் நிற்கலாம் என்று ஒருவர் முடிவு செய்தால், ரகம் பிரித்து, சுத்தம் செய்து, "இந்தக் கடைச் சரக்கா, மூட்டையைப் பிரிக்காமலே வாங்கலாம்" என்ற பெயரை எடுக்க வேண்டும். அதற்காக சோப்பு ஏஜென்சியை விட வேண்டியிருக்கும். ஓட்டல், மெஸ், மாவுக்கடைகளுக்கு மட்டும் என்று ஒருவர் முடிவு செய்தால் விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். ஒரே தரம் தவறாமல் வர வேண்டும். அதற்காக சில்லறைக் கடைகளில் பாதியை விட வேண்டியிருக்கும். இருபது கிலோமீட்டர் சுற்றிலும் உள்ள கிராமக் கடைகள் என்று முடிவு செய்தால் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று பிரித்துக் கட்டி, பத்துச் சரக்கை ஒரே நடையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். நிமிடக் கணக்கில் சரக்கு அனுப்பும் நகரத்துக் கம்பெனிக்கு அந்தச் சின்ன ஊர்களின் சிதறிய ஆர்டர் கட்டுப்படியாகாது. நமக்குக் கட்டுப்படியாகும், ஏனென்றால் வண்டியும் நம்முடையது, யாரிடம் எத்தனை நாளில் பணம் வரும் என்ற அறிவும் நம்முடையது. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று முகம் பார்த்துச் சொல்லும் அந்த அறிவுதான் நம்மிடம் மீதியிருக்கும் பெரிய சொத்து. அதை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்து வீணாக்குகிறோம்.

ஒருவர் பருப்பிலும், ஒருவர் ஓட்டல் சப்ளையிலும், ஒருவர் கிராம லைனிலும் ஊன்றினால் எதிரெதிர்க் கடையில் இருந்தாலும் நாம் ஒருவர் காலை ஒருவர் மிதிக்க வேண்டியதில்லை. விலைச் சண்டை நிற்க இதைவிட நல்ல வழி இல்லை.

சங்கம் என்ன செய்யலாம்?

"எல்லோரும் கூடி ஒரு விலையை முடிவு செய்துவிடலாமே" என்று சில உறுப்பினர்கள் கேட்பதுண்டு. கூடாது. போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பது 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி குற்றம். அந்தப் பிரிவு 2009 மே மாதம் முதல் அமலில் இருக்கிறது. விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்ததற்காக மருந்து வணிகர் சங்கங்கள் மீது போட்டி ஆணையம் அபராதம் விதித்த வழக்குகள் உண்டு. நாம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. ஒரே ஊரிலிருந்து அரை லாரி, கால் லாரி எடுக்கும் நான்கு பேர் ஒரே லாரியில் ஏற்றினால் நான்கு பேருக்கும் வாடகை குறையும். வண்டு விழாமல் வைக்கத்தக்க நல்ல பொதுக் குடோன் ஒன்று அமைக்கலாம். ஈரப்பதமும் கலப்படமும் சோதிக்க ஒரு சிறு பரிசோதனை வசதி சங்கக் கட்டடத்திலேயே வைக்கலாம். வக்கீலின் ஆலோசனையோடு, சிறு உறுப்பினர்கள் சேர்ந்து கொள்முதல் செய்யும் அமைப்பையும் யோசிக்கலாம். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு, சரக்குவாரி லாபமும் வாடிக்கையாளர்வாரி பாக்கியும் எடுத்துப் பார்க்கக் கம்ப்யூட்டர் கணக்கு வகுப்பு நடத்தலாம். ஆண்டு விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.

திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. செய்யப்போகும் காரியத்தின் பளு, நம் பலம், எதிரியின் பலம், இரு தரப்புக்கும் துணையாக நிற்பவர்களின் பலம் ஆகிய நான்கையும் எடைபோட்டுப் பார்த்த பிறகே இறங்க வேண்டும் என்பது அதன் முதல் குறள் சொல்லும் கருத்து. எடைபோடுவது நமக்குத் தெரியாத வேலையா? அரைக் கிலோ குறைந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்புகிற நாம், நம் தொழிலை மட்டும் எடைபோடாமல் நடத்தி வருகிறோம்.

புதுக்கணக்குப் போடும் முன் ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு தாளை எடுத்து ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் லாபத்தில் பாதிக்கு மேல் எந்தச் சரக்குகளில் வருகிறது? கொடுத்த பணம் சராசரி எத்தனை நாளில் திரும்புகிறது? எந்த ஒரு கம்பெனி அல்லது ஒரு வாடிக்கையாளர் விலகினால் என் கடை ஆடிப்போகும்? என் சரக்கு இப்போது எந்தப் புதிய வழியில் அடுப்படிக்குப் போகிறது? இந்த ஆண்டு நான் எதை விடப் போகிறேன்?

எழுதிய தாளை மகனிடமோ மகளிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எதிர்க்கடைக்காரரைப் பற்றிய குறையை அவர்களிடம் சொல்வதைவிட, கடைக்கு அவர்களை அழைக்க இது நல்ல வழி.